உயரத்தில் கால் நடுங்கினால் கோழையா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

2026 ஜனவரியில் அமெரிக்கப் பாறையேற்ற வீரர் அலெக்ஸ் ஹொனால்ட் தைவானின் தைபே 101 கோபுரத்தில் கயிறில்லாமல் ஏறியதை நெட்ஃபிளிக்ஸ் நேரலையாகக் காட்டியதிலிருந்து அவரைப் பற்றித் தமிழில் வருகிற செய்திகளையும் வீடியோக்களையும் விடாமல் பார்த்து வருகிறேன். 508 மீட்டர் உயரம், சுமார் ஒன்றரை மணி நேரம், வெறுங்கை. பெரிய சாதனைதான், அதில் எனக்கு மறுபேச்சே கிடையாது. ஆனால் எதைத் திறந்தாலும் ‘பயமே தெரியாத மனிதன்’, ‘மரணத்தோடு விளையாடியவர்’ என்றே தலைப்பு. நான் கட்டட வேலையை மேற்பார்வை பார்ப்பவன். எங்கள் சைட்டில் சாரத்தில் ஏறும் இருபது வயதுப் பையன்கள் சாப்பாட்டு இடைவேளையில் போனில் பார்ப்பதும் இவற்றைத்தான். அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் பயத்தைப் பற்றி. மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவரிலிருந்து கீழே எட்டிப் பார்த்தால் உள்ளங்கால் கூசும், முழங்கால் தளரும், அடிவயிற்றில் என்னவோ செய்யும். அவ்வளவு ஏன், வீட்டில் பத்திரமாக உட்கார்ந்துகொண்டு இன்னொருவர் ஏறுவதைப் பார்த்தாலே உள்ளங்கை வேர்க்கிறது. இதை வெளியில் சொல்லப் பலருக்கு வெட்கம், குறிப்பாக ஆண்களுக்கு. வெட்கப்பட என்ன இருக்கிறது? பிறந்த சில நாள் குழந்தையின் தலை சற்றே பின்னால் சரிந்தால் போதும், தூக்கிவாரிப் போட்டு இரண்டு கையையும் விரிக்கும். நாம் பேசக் கற்பதற்கு முன்பே விழுவதைப் பற்றி உடம்புக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் எலினார் கிப்சனும் ரிச்சர்ட் வாக்கும் 1960இல் வெளியிட்ட ஆய்வில், பாதி தரையாகவும் பாதி பள்ளமாகவும் தெரிகிற ஒரு மேடையைச் செய்து மேலே கெட்டியான கண்ணாடி போட்டு, தவழும் குழந்தைகளை அதில் விட்டார்கள். கண்ணாடி தாங்கும், விழ வழியே இல்லை. அப்படியும், பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நின்று அம்மா கூப்பிட்டபோது, 36 குழந்தைகளில் மூன்றே குழந்தைகள்தான் அந்தக் கண்ணாடிமேல் தவழ்ந்து போயின.

பெரியவர்களுக்கு உயரத்தில் தலை சுற்றுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நாம் நேராக நிற்பதற்குக் கண், உள்காது, பாதம் மூன்றும் சேர்ந்து வேலை செய்கின்றன. அசையாமல் நிற்பதாக நினைத்துக்கொண்டிருக்கும்போதும் உடம்பு லேசாக முன்னும் பின்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கும். பக்கத்தில் ஒரு சுவரோ தூணோ இருந்தால் கண் அந்த ஆட்டத்தைக் கவனித்து உடனே சரி செய்துவிடும். முப்பதாவது மாடி விளிம்பில் கண்ணுக்குப் பட்டதெல்லாம் வெகு தூரத்தில் கிடக்கிறது, நம் சின்ன ஆட்டத்துக்கு அதில் எதுவும் நகர்வதாகத் தெரிவதில்லை. ஆகவே ஆட்டம் கூடிவிடுகிறது. “ஐயோ ஆடுதே” என்று ஒருவன் அங்கே சொன்னால் அவன் கற்பனை செய்யவில்லை, அவன் உண்மையிலேயே ஆடிக்கொண்டிருக்கிறான். அப்போது கீழே பார்க்காமல் பக்கத்தில் அசையாத ஒன்றைப் பார்க்க வேண்டும், முடிந்தால் உட்கார்ந்துவிட வேண்டும். இந்தச் சின்ன விஷயத்தைப் பள்ளியிலேயே சொல்லிக்கொடுக்கலாம்.

சரி, ஹொனால்டுக்கு வருவோம். 2016இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் அவருடைய மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். பயமூட்டும் படங்களைக் காட்டியபோது, மற்றவர்களுக்குப் பயத்தில் விழித்துக்கொள்ளும் அமிக்டலா என்ற பகுதி அவருக்கு அசையவே இல்லை. எல்லாரும் இந்தச் செய்தியை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். அதே 2016 நவம்பரில் அவர் கலிஃபோர்னியாவின் யோசமிட்டியில் உள்ள எல் கேபிட்டன் பாறையில் கயிறில்லாமல் ஏறத் தொடங்கி, கைக்குப் பிடிமானமே இல்லாத வழவழப்பான இடத்தில் மனசு ஒப்பாமல் பாதியில் நிறுத்திவிட்டார். கேமராக்கள் ஓடிக்கொண்டிருந்தன, அவருக்காகவே ஒரு படக்குழு காத்திருந்தது, அப்படியும் நிறுத்தினார். அப்புறம் மாதக்கணக்கில் கயிறு கட்டி அதே பாதையில் திரும்பத் திரும்ப ஏறி, எந்த விரலை எங்கே வைப்பது, எந்தக் காலை எங்கே ஊன்றுவது என்று ஒவ்வொரு பிடியையும் மனப்பாடம் செய்த பிறகுதான், 2017 ஜூன் 3 அன்று அந்த 900 மீட்டர் பாறையை 3 மணி 56 நிமிடத்தில் ஏறி முடித்தார். தைபேயிலும் மழை பெய்ததும் ஒரு நாள் தள்ளி வைத்தார்கள். என்னைக் கேட்டால் 2017இன் அந்த ஏற்றத்தை விட 2016இல் அவர் திரும்பியதுதான் நம் பையன்களுக்குச் சொல்ல வேண்டிய செய்தி. அது எத்தனை தமிழ்ச் செய்திகளில் வந்தது?

இனி வூ யோங்நிங்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். சீனாக்காரர், சினிமாவில் துணை நடிகராக இருந்தவர், உயரமான கட்டடங்களின் விளிம்பில் கயிறில்லாமல் தொங்கி வீடியோ போட்டு லட்சக்கணக்கில் ரசிகர்களைச் சேர்த்தவர். 2017 நவம்பர் 8 அன்று சாங்ஷா நகரில் 62 மாடிக் கட்டடத்தின் உச்சியில் போனை நிறுத்திவைத்து, விளிம்பைப் பிடித்துத் தொங்கி உடம்பை மேலே தூக்கிக் காட்டினார். மறுபடி மேலே ஏறக் கையில் வலு இல்லை. சுவரில் காலை உதைத்து உதைத்துப் பார்த்துவிட்டு விழுந்தார். வயது 26. அவரும் ‘பயமே தெரியாதவர்’ என்றுதான் புகழப்பட்டார். அவருடைய தாய் தொடுத்த வழக்கில், அந்த வீடியோக்களை வெளியிட்ட நிறுவனத்துக்கும் பொறுப்பு உண்டு என்று 2019இல் பெய்ஜிங் இணைய நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி 30,000 யுவான் இழப்பீடு தரச் சொன்னது. தொகை ரொம்பச் சின்னது, ஆனால் பொறுப்பு உண்டு என்று ஒரு நீதிமன்றம் சொன்னதே, அதைத்தான் நான் பத்திரிகைகளுக்கும் நினைவுபடுத்த விரும்புகிறேன். பார்க்கிறவன் கைதட்டக் கைதட்டத்தானே ஏறுகிறவன் இன்னும் ஒரு மாடி மேலே போகிறான்?

எங்கள் வேலையில் புதிதாக வருகிற பையன் சாரக் கம்பத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு “பயமா இருக்குண்ணே” என்றால் அவனை நம்பி மேலே அனுப்புவேன். அவன் பெல்ட்டைக் கேட்டு வாங்கி மாட்டுவான், பலகை ஆடுகிறதா என்று காலால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பான். கொஞ்ச நாளில் மற்றவர்கள் “என்னடா, பொம்பள மாதிரி பயப்படுற” என்று கிண்டல் செய்தே அவனுடைய பெல்ட்டைக் கழற்ற வைத்துவிடுவார்கள். அங்கேதான் எனக்கு வயிற்றெரிச்சல். வீடியோக்காரர்கள் ஊட்டுகிற வீரம் கடைசியில் வந்து இறங்குகிற இடம் இதுதான். காப்பீடும் கிடையாது, கேமராவும் கிடையாது, தினக்கூலிக்கு மேலே ஏறுகிறவன் அவன்.

ஆகவே ஆசிரியர் அவர்களுக்கு என் வேண்டுகோள். இந்தச் சாதனைகளைப் போடவே கூடாது என்று நான் சொல்லவில்லை, தாராளமாகப் போடுங்கள், எனக்கும் ஹொனால்டைப் பிடிக்கும். போடும்போது அவர் எத்தனை காலம் கயிற்றோடு பழகினார், எங்கே திரும்பி இறங்கினார் என்பதையும் அதே பெட்டியில் அதே எழுத்தளவில் போடுங்கள். பெயர் தெரியாத பையன்கள் செல்போன் கோபுரத்திலும் பாலத்தின் கைப்பிடியிலும் தொங்குகிற படங்களைப் போடாதீர்கள். ‘பயமறியா இளைஞர்’ என்ற தலைப்பை இனி யாருக்கும் வைக்காதீர்கள். முடிந்தால் ஞாயிறு இணைப்பில் ஒரு பக்கம் ஒதுக்கி, உயரத்தில் வேலை செய்கிற பெயின்டர்கள், சாரம் கட்டுபவர்கள், மின்கம்பத்தில் ஏறுபவர்கள் ஆகியோரிடம் அவர்கள் பயத்தைப் பற்றியே கேட்டு எழுதுங்கள். ஆள் வேண்டுமென்றால் எங்கள் சைட்டிலிருந்தே நான் அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
கட்டட மேற்பார்வையாளர் ஒருவர்,
ஆவடி.