பார்கோடும் பூதக்கண்ணாடியும்

அன்புள்ள செல்வா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதை முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறாய். உனக்கு சீலியாக் என்று டாக்டர் சொன்னதைக் கடைசிப் பக்கத்து ஓரத்தில் நுணுக்கி எழுதியிருக்கிறாய். நீ மாறவே இல்லை. முதலில் மகளுக்கு என் வாழ்த்து.

கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் குடலுக்கு ஆகாத இந்த நோயில் நான் உனக்கு மூன்று வருஷம் சீனியர். போனில் என்னென்ன ஆப் வைத்திருக்கிறேன் என்று கேட்டாய். ஆரம்பத்தில் ஏழு இருந்தன. இப்போது மிச்சம் இரண்டுதான்.

ஒன்று பார்கோடு ஸ்கேன் செய்வது, ஓப்பன் ஃபுட் ஃபேக்ட்ஸ். 2012-ல் பிரான்ஸில் தொடங்கியது. விக்கிப்பீடியா மாதிரி, ஆர்வலர்கள் பாக்கெட்டைப் படம்பிடித்து விவரங்களை ஏற்றுகிறார்கள். காசு கிடையாது.

அதற்கு முன்னால் வேறொரு ஆப்பை நம்பி நான் பட்ட பாட்டைக் கேள். ஒரு சூப் பாக்கெட்டை ஸ்கேன் செய்தேன், பச்சை டிக் வந்தது. குடித்தேன். ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. காலையில் குப்பைக்கூடையில் கிடந்த கவரை எடுத்து, போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தால், மடிப்புக்குள் பொடி எழுத்தில் ‘பார்லி மால்ட்’. அந்த ஆப் கோதுமையை மட்டும் தேடியிருக்கும் போல. பார்லியிலும் ரை என்ற தானியத்திலும் குளூட்டன் உண்டே!

அன்றிலிருந்து சிவப்பு காட்டினால் நம்புகிறேன், பச்சை காட்டினால் கவரைத் திருப்பிப் படிக்கிறேன். எந்த ஆப்பும் உணவைச் சோதிப்பதில்லை, யாரோ எப்போதோ ஏற்றிய எழுத்தைத்தான் படிக்கிறது. கம்பெனி செய்முறையை மாற்றியிருக்கும், பார்கோடு பழையதாகவே இருக்கும். ஓட்ஸ் இன்னும் மோசம். வயலிலோ மில்லிலோ கோதுமை கலந்திருந்தால் கவரிலேயே தெரியாது. ‘குளூட்டன் ஃப்ரீ’ என்று அச்சடித்த ஓட்ஸை மட்டும் வாங்கு. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அந்தச் சொல்லைப் போட, கிலோவுக்கு 20 மில்லிகிராம்தான் உச்சவரம்பு.

இரண்டாவது ஆப் உன் போனிலேயே இருக்கிறது, நோட்ஸ். “எனக்கு சீலியாக். கோதுமை, பார்லி, ரை துளியும் ஆகாது. அவற்றைப் பொரித்த எண்ணெயும் ஆகாது” என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். வெளியூர் போனால் அந்த ஊர் மொழிக்கு மாற்றிக்கொள்வேன். ஓட்டலில் வாயால் சொன்னால் சர்வர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். காட்டினால் போனையே சமையற்கட்டுக்குக் கொண்டுபோவார். எண்ணெய்ப் பிசுக்கோடு திரும்பி வரும், பரவாயில்லை.

அப்புறம், மகளையும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல். பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் வர வாய்ப்பு கூடுதல். அதுவரை வழக்கம்போலவே சாப்பிடட்டும். முன்கூட்டியே கோதுமையை நிறுத்தினால் சோதனையில் தெரியாமல் போகலாம்.

கல்யாணத் தேதியை எழுது. சமையல்காரர் நம்பரையும் அனுப்பு. நம் இரண்டு பேருக்கும் தனி வாணலி வேண்டும் என்று நோட்ஸை இப்போதே அவருக்கு அனுப்பிவிடுகிறேன்.

உன்,
மூர்த்தி