கதவு கனத்தால் ஸ்பிரிங்கை இறுக்காதே

சாண்ட்லர், அரிசோனா

அன்புள்ள செல்வம்,

கடிதமும் ஆறு படங்களும் வந்து சேர்ந்தன. மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். இனி வார இறுதிகளில் நீங்கள் இருவர் மட்டும்தான். உன் டாய் ஹாலர், அதாவது பின்கதவைச் சாய்தளமாக இறக்கிச் சிறு வண்டியை உள்ளே ஏற்றிப் போகிற அந்த முகாம் வண்டி, ஷெட்டில் தூங்காது என்று நினைக்கிறேன். அதனால் அதன் பின்கதவு விஷயத்தைத் தள்ளிப்போடாதே.

ரேம்ப் கதவு முன்னைவிடக் கனக்கிறது, அதைத் தூக்க உதவும் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இறுக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். ஸ்பிரிங் உடைந்தால் ஒரே நாளில் தெரிந்துவிடும். இரண்டு குளிர்காலமாகக் கதவு கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்துவருகிறது என்றால் அது தண்ணீர். ஏழடிக்கு ஏழரையடி, 5/8 அங்குல ப்ளைவுட் நன்றாகக் காய்ந்திருந்தால் 90 பவுண்டு பக்கம் இருக்கும். அதன் ஈரம் 10 சதவீதத்திலிருந்து 40க்கு ஏறினால் பலகையில் மட்டும் 25 பவுண்டு கூடும். உள்ளே தேங்கி நிற்கிற தண்ணீர் இதில் சேரவில்லை. நீ ஸ்பிரிங்கை இறுக்கினால் கதவு லேசானதுபோல இருக்கும், ஆனால் அந்த இழுப்பு முழுவதும் கீல் ஸ்க்ரூக்களின் தலையில்தான் விழும். உன் மூன்றாவது படத்தில் இடது ஓரம் மூன்று ஸ்க்ரூ பிடிப்பில்லாமல் சுற்றுகிறதே, அந்த இடத்தில்.

அந்தக் கீல் ஓரமாக வடிகிற பழுப்புத் தண்ணீரைப் பார்த்துவிட்டு, கீலில்தான் ஓட்டை என்று எழுதியிருக்கிறாய். நம் ஊர் ஓட்டு வீட்டில் ஒழுகுகிற ஓடு ஒரு பக்கம் இருக்கும், சுவர் ஊறுவது இன்னொரு பக்கம் இருக்கும். இங்கேயும் அப்படித்தான். கதவை இறக்கும்போது தரையில் உரசுகிற விளிம்பு எது என்று யோசி. மூடியதும் உச்சியில் நின்று மழையை வாங்குவது அதே விளிம்புதான். தாரிலும் மணலிலும் அடிபட்டு அங்கிருக்கும் அலுமினியப் பட்டி நெளிந்திருக்கும், அதன் ஸ்க்ரூ தலைகள் தேய்ந்திருக்கும். பட்டிக்குக் கீழே தலைமுடி அளவு இடைவெளி போதும். தண்ணீர் உள்ளே இறங்கி, தெர்மாகோலுக்கும் சட்டத்துக்கும் இடையிலுள்ள சந்தில் வழிந்து, சட்டத்தின் அடிப்பக்கக் குழாயில் போய்த் தேங்கும். கீல் ஸ்க்ரூ எல்லாம் பிடித்திருப்பது அந்த அடியைத்தான். ஓட்டை உச்சியில், உளுப்பு அடியில்.

அரிசோனாவில் வாங்கிய வண்டி, மரம் எலும்புபோலக் காய்ந்திருக்கும் என்று நம்பித்தானே ஓட்டிப் போனாய். மரம் காய்ந்துதான் இருந்தது. சந்துகளை அடைத்திருந்த சீலன்ட்டும் கூடவே காய்ந்திருந்தது. இந்த வெயிலில் நாலைந்து வருடம் நின்ற வண்டியின் சீலன்ட் வெடித்துப் பொருக்காகிவிடும், ரப்பர் சீல் பிளாஸ்டிக் மாதிரி இறுகிவிடும். இங்கே மழை குறைவு என்பதால் யாருக்கும் தெரியாது. அக்டோபரில் தொடங்கி மே வரை தூறுகிற உங்கள் ஓரிகன் பக்கம் போனதும் ஒரே குளிர்காலத்தில் சாயம் வெளுத்துவிடும். தெற்கிலிருந்து வண்டி வாங்கி வடக்கே போகிறவர்கள் முதல் வேலையாகப் பழைய சீலன்ட்டைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

எதையும் கழற்றுவதற்கு முன் எவ்வளவு போயிருக்கிறது என்று அளந்து பார். ஊருக்குப் போகும்போது பெட்டி எடை பார்க்கிற கொக்கித் தராசு உன்னிடம் இருக்குமே. அதைக் கதவின் கைப்பிடி வாரில் மாட்டி, விளிம்பு தரையை விட்டுக் கிளம்புகிற கணத்தில் என்ன காட்டுகிறது என்று குறித்துவை. கதவு காய்ந்த பிறகு மறுபடி பார். இனி வருடாவருடம் மழைக்கு முன்னும் பின்னும் பார்த்து எழுதிவைத்தால், தண்ணீர் ஏறுகிறதா என்று அந்த எண்ணே சொல்லிவிடும். அடுத்து, ஸ்க்ரூடிரைவர் பிடியால் கதவின் வெளிப்பக்கம் முழுக்க ஆறு அங்குலத்துக்கு ஒரு தட்டு. ஒட்டு நன்றாக இருக்கிற இடம் கணீரென்று கேட்கும், விட்டுப்போன இடம் பொத்தென்று கேட்கும். பென்சிலால் வட்டம் போட்டுக்கொண்டே வா. ஈர மீட்டர் வாங்கினால் ஊசி வைத்ததாக வாங்கு. தட்டையாக ஒற்றிப் பார்க்கிற வகை அடியில் அலுமினியக் குழாய் வந்தாலே ஈரம் என்று பொய் சொல்லும். ஊசியை உள்பக்கப் பலகையில், ஸ்க்ரூ துளைகளுக்குள் விட்டுப் பார். 15 சதவீதத்துக்குள் என்றால் கவலையில்லை. 20ஐத் தாண்டினால் பூஞ்சை வரலாம். 28, 30 என்று காட்டினால் மரம் உளுத்துக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்.

நடுவில் தொய்கிறது என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டாய். எனக்கு அதுதான் பெரிய கவலை. இந்தக் கதவு சாண்ட்விச் மாதிரி. வெளியே ஃபைபர்கிளாஸ் ஒட்டிய மெல்லிய லுவான் பலகை, நடுவில் தெர்மாகோலும் சட்டமும், உள்ளே தடித்த ப்ளைவுட், அதன்மேல் ரப்பர் பாய். பாரம் ஏறும்போது இரண்டு தோலில் ஒன்று இழுபடும், மற்றது அமுங்கும். நடுவிலுள்ளது இரண்டையும் நகரவிடாமல் பிடித்துவைக்கும். பிடித்துவைப்பது பசை மட்டும்தான். கணக்காகச் சொல்கிறேன்: இரு பக்கமும் 5 மி.மீ. பலகை, நடுவில் 40 மி.மீ. தெர்மாகோல் என்று வைத்துக்கொள். ஒட்டியிருக்கும்போது அதன் விறைப்பு, அதே இரண்டு பலகை ஒட்டில்லாமல் கிடக்கும்போது இருப்பதைப்போல் சுமார் 240 மடங்கு. தெர்மாகோல் நெகிழ்வதை எவ்வளவு கழித்தாலும் மிச்சம் பெரிய எண்தான். ஆக, பலகை உளுத்துப்போக வேண்டும் என்றுகூட இல்லை. பசை விட்டாலே கதவு போன மாதிரி. அப்புறம் நீ உள்ளே ஏற்றுகிற 1,500 பவுண்டு சிறு வண்டியைத் தாங்குவது அந்தச் சட்டம் மட்டும்தான். ஏற்றத்தில் பாரம் பின்பக்கம் சாய்வதால் ஒரு பின்சக்கரத்தின் கீழ் மட்டும் 500 பவுண்டுக்கு மேல் அழுந்தும். கதவின் குறுக்கே நூல் கட்டிப் பார். பாரம் இல்லாமலே நடுவில் கால் அங்குலத்துக்கு மேல் தொய்ந்திருந்தால் வண்டியை ஏற்றாதே. நீ உட்காருவதற்குக்கூட அதைத் திண்ணை மாதிரி கம்பியில் தொங்கவிடாதே.

வெளித்தோலில் சின்னத் துளை போட்டு ஊசியால் எபாக்சி பசை ஏற்றுகிற வைத்தியம் ஒன்று உண்டு. உன் நண்பர் சொன்னதும் அதுவாகத்தான் இருக்கும். பலகை காய்ந்து உறுதியாக இருந்து பசை மட்டும் விட்டிருந்தால் அது பலிக்கும். உளுத்த பலகையில் ஏற்றினால் பசை போய் ஒட்டுவது மரத்தூளில்தான். உன் படங்களில் அடிப்பாகம் உப்பியிருப்பதைப் பார்த்தால் உள்பலகையைப் பிரிப்பதைத் தவிர வழியில்லை.

பிரிக்கும்போது ஸ்பிரிங்கிடம் ஜாக்கிரதை. கதவு திறந்து கிடக்கும்போது அது முழு முறுக்கில் இருக்கும். மூடி நிமிர்ந்து நிற்கும்போதுதான் கிட்டத்தட்டத் தளரும், அப்போதும் முழுக்கத் தளராது. அதனால் கதவை மூடி, இரண்டு ராட்செட் பெல்ட்டால் வண்டியோடு கட்டிவிட்டு, முதலில் ஸ்பிரிங்கின் கையை (ஆர்ம்) விடுவி. கீல் அதற்குப் பிறகுதான். உனக்குத் தைரியம் வராவிட்டால் கேரேஜ் கதவு வேலை செய்கிறவரைக் கூப்பிடு, இதில் கஞ்சத்தனம் பார்க்காதே. இறக்குவதற்கு மூன்று ஆள் வேண்டும். நான்கு மரத் தாங்கிகள்மேல் உள்பக்கம் மேலே தெரியக் கிடத்து.

ரப்பர் பாயை ஹீட் கன் காட்டி உரித்தபின், வட்ட ரம்பத்தின் ஆழத்தைப் பலகையின் தடிமனுக்குச் சரியாக வை. 5/8க்கு மேல் ஒரு நூல் கூடினாலும் அடியிலுள்ள குழாயில் கோடு விழும், பின்னால் வெடிப்பு அங்கிருந்துதான் கிளம்பும். ஊறிய தெர்மாகோலை முழுக்க எடு. சட்டம் மரமாக இருந்து கத்தி நுனி உள்ளே போனால் அந்தத் துண்டை மாற்று. அலுமினியமாக இருந்தால் கீலுக்குப் பக்கத்து வெல்டுகளை விளக்கடித்துப் பார். வெடித்திருந்தால் டிக் வெல்டிங் கடைக்குத்தான் போக வேண்டும். இன்னொன்று, உளுக்காது என்று நம்பி மருந்தேற்றிய பச்சை நிற மரத்தை அலுமினியத்தோடு சேர்த்து வைத்துவிடாதே. அந்த மருந்திலுள்ள செம்பு அலுமினியத்தை அரித்துவிடும். சாதாரண எஃகு ஸ்க்ரூவும் வேண்டாம், ஸ்டெயின்லெஸ் போடு, அதையும் பியூட்டைல் என்கிற ஒட்டும் ரப்பர் பசை தடவிப் போடு.

எல்லாவற்றையும் 15 சதவீதத்துக்குக் கீழே காயவைக்காமல் மூடாதே. உங்கள் ஊரில் மின்விசிறியும் காற்றின் ஈரத்தை இழுக்கிற டீஹியூமிடிஃபையரும் வைத்தாலும் வாரக்கணக்கில் ஆகும். ஜூலையில் வைத்துக்கொள்.

புதுப் பலகை மரைன் ப்ளைவுட்டாக இருந்தால் நல்லது. விலை கட்டுப்படியாகாவிட்டால் ‘எக்ஸ்டீரியர்’ முத்திரை போட்டதை வாங்கு. ‘எக்ஸ்போஷர் 1’ என்று இருப்பது கட்டட வேலை முடியும்வரை மழையைத் தாங்குவதற்குத்தான், வருடக்கணக்கில் நனைவதற்கு இல்லை. பலகையின் நான்கு ஓரத்துக்கும் எபாக்சி இரண்டு பூச்சு கொடு, ப்ளைவுட் தண்ணீர் குடிப்பது ஓரத்தில்தான். ஒட்டுவதற்கு பாலியூரிதேன் பசை அல்லது எபாக்சி. கான்டாக்ட் சிமென்ட்டைக் கிட்டேயே கொண்டுவராதே, அதிலுள்ள கரைப்பான் தெர்மாகோலைக் கரைத்துக் குழியாக்கிவிடும். ஒட்டியபின் மேலே மணல் மூட்டை அடுக்கி ஒருநாள் முழுக்க விடு. நடுப்பக்கம் தூக்காமல் பார்த்துக்கொள்.

கீல் துளைகளை இப்படிச் செய்: கால் அங்குல போல்ட்டுக்கு முதலில் அரை அங்குலத் துளை போடு, அதைக் கெட்டியான எபாக்சியால் நிரப்பு, இறுகியபின் நடுவில் கால் அங்குலத் துளை போடு. இப்போது போல்ட்டைச் சுற்றி மரமே இல்லை, தண்ணீர் வந்தாலும் குடிக்க ஆளில்லை. பழைய மரஸ்க்ரூவைத் திரும்பப் போடாதே. ஊடுருவிப் போகிற போல்ட், பின்னால் நீளமாக 1/8 அங்குல அலுமினியப் பட்டி, நைலான் பூட்டுள்ள நட். கம்பி மாட்டுகிற பிராக்கெட்டுக்கும் இதே முறை.

உச்சிப் பட்டிக்கு அடியில் பியூட்டைல் டேப் வை, ஸ்க்ரூவை இறுக்கு, பிதுங்கியதை வெட்டு, இரண்டு நாள் கழித்து மறுபடி இறுக்கு. அந்த இரண்டாவது இறுக்கலை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். மேலே பாலியூரிதேன் சீலன்ட் ஒரு கோடு. சிலிக்கான் எங்கேயாவது இருந்தால் முழுக்கச் சுரண்டி எடு, அதன்மேல் எதுவும் ஒட்டாது. நம்பர் பிளேட் விளக்கின் ஒயர் போகிற துளையையும் பார். சட்டத்தின் அடிப்பக்கக் குழாயில் வெளிப்பக்கமாக இரு முனையிலும் கால் அங்குல வடிதுளை போட்டுவிடு. என்ன செய்தாலும் என்றோ ஒருநாள் தண்ணீர் உள்ளே வரத்தான் செய்யும், அது வெளியேற வழி இருக்கட்டும். புது ரப்பர் சீல் போட்டதும் காகிதப் பட்டி ஒன்றைச் சுற்றிலும் அங்கங்கே வைத்து மூடி இழுத்துப் பார். மேல் மூலைகள் இரண்டிலும் சுலபமாக உருவிக்கொண்டு வந்தால் கொக்கியைச் சரிசெய்.

இனி இறக்கும்போது அந்த விளிம்பு முழு நீளமும் தரையில் படியட்டும். ஒரு மூலை தொங்கினால் அடியில் பலகைத் துண்டு வை, இல்லாவிட்டால் கதவு முறுக்கிக்கொள்ளும். திண்ணையாகக் கட்டும்போது வெளிமுனை இரண்டு அங்குலம் தாழ்ந்திருக்கிற மாதிரி கம்பி நீளத்தை வை. மட்டமாகக் கட்டினால் மழைத்தண்ணீர் வண்டிக்குள் ஓடிவிடலாம்.

அந்தப் பென்சில் வட்டங்களோடு வெளிப்பக்கத்தை ஒரு படம் எடுத்து அனுப்பு. உச்சிப் பட்டியின் இரண்டு முனையையும் கிட்டத்தில் எடு. எவ்வளவு பலகை வாங்குவது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன். வீட்டில் என் அன்பைச் சொல்.

இப்படிக்கு,
இளங்கோ