பிசிஷியன் அசிஸ்டென்ட் படிக்க விரும்பும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவில் பிள்ளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோருக்கு,

வணக்கம்.

உங்கள் வீட்டில் பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை ஒருநாள், "நான் பிசிஷியன் அசிஸ்டென்ட் படிக்கப் போறேன், இளநிலையும் முதுநிலையும் சேர்ந்த அஞ்சு வருஷப் படிப்பு இருக்கு" என்று சொன்னால், எடுத்த எடுப்பில் "ஏன், டாக்டருக்குக் கிடைக்காதா?" என்று கேட்டுவிடாதீர்கள். அதைக் கேட்டுக்கொள்ளத்தான் இந்த மடல். மருத்துவரோடு குழுவாகச் சேர்ந்து நோயாளிகளைப் பார்ப்பவர்தான் பிசிஷியன் அசிஸ்டென்ட்; என் மகள் அந்தப் படிப்பில் இருக்கிறாள். தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவிலும் கொலுவுக்குப் போன வீடுகளிலும் அந்தக் கேள்வி அவளை விடவில்லை. கேட்டவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் பதினேழு வயதில் தனக்கு எது வேண்டும் என்று தெளிவாகச் சொல்லும் பிள்ளையை அது எவ்வளவு சுருங்க வைக்கிறது என்பதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

இது நேற்று முளைத்த தொழில் அல்ல. 1965-இல் டியூக் பல்கலைக்கழகத்தில் யூஜின் ஸ்டெட் என்ற மருத்துவர், கடற்படையில் மருத்துவப் பணி செய்து திரும்பிய நான்கு பேரை வைத்துத் தொடங்கினார். அவர்களில் மூவர் 1967-இல் பட்டம் பெற்றார்கள். இன்று ஐம்பது மாநிலங்களிலும் இவர்கள் மருந்து எழுதுகிறார்கள். நோயாளியைப் பரிசோதிக்கிறார்கள், நோயைக் கணிக்கிறார்கள், அறுவை அரங்கில் நிற்கிறார்கள். மருத்துவரோடு சேர்ந்து ஒரு குழுவாக இயங்குவதுதான் அடிப்படை; அதில் எவ்வளவு தன்னிச்சை என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். உங்கள் ஊர் அவசர சிகிச்சைப் பிரிவில் கடைசியாக உங்களைப் பார்த்தவர் ஒரு பிசிஷியன் அசிஸ்டென்டாகவும் இருந்திருக்கலாம்.

வழக்கமான பாதை இப்படி: நான்காண்டு இளநிலை, அதன்பின் நோயாளிகளோடு நேரடியாக வேலை பார்த்த அனுபவம் (பல இடங்களில் ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் கேட்கிறார்கள்), பிறகு விண்ணப்பம், பிறகு ஏறக்குறைய 27 மாத முதுநிலைப் படிப்பு. இரட்டைப் பட்டப் படிப்பில் பள்ளி முடித்ததுமே சேரலாம். ராசெஸ்டர் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி, பிட்ஸ்பர்கின் டுகேன், ஈரியின் கேனன் ஆகியவை இப்படி ஐந்தாண்டில் இரண்டு பட்டமும் தரும் பல்கலைக்கழகங்கள். இன்னொரு வகை, இளநிலை முடித்தவர்களுக்கு: இந்த முதுநிலையோடு பொது சுகாதார முதுநிலையையும் சேர்த்துப் படிப்பது. ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலும் டூரோ கலிபோர்னியாவிலும் அது உண்டு. மூன்றாண்டு அளவில் முடியும்.

சுலபமான வழி என்று மட்டும் எண்ண வேண்டாம். குடும்ப மருத்துவம், உள் மருத்துவம், அவசர சிகிச்சை, அறுவை, குழந்தைகள், மகளிர் நலம், மனநலம் என்று எல்லாத் துறையிலும் பிள்ளைகள் மருத்துவமனைப் பயிற்சி எடுத்தாக வேண்டும். அறுவைப் பயிற்சி நாட்களில் என் மகள் விடியும் முன்பே காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். இரவில் தொலைபேசியில் அவள் சொல்லும் கதைகளைக் கேட்டால், இவளையா "டாக்டருக்குக் கிடைக்கலையா" என்று கேட்டார்கள் என்று எனக்கு இன்னமும் மனசு பொங்கும்.

கேட்க வேண்டிய கேள்விகள் வேறு இருக்கின்றன. முதலில், இந்தப் படிப்புகளை அங்கீகரிக்கும் அமைப்பான ஏஆர்சி-பிஏ-வின் அங்கீகாரம் அந்தப் படிப்புக்கு எந்த நிலையில் இருக்கிறது? தற்காலிகமா, தொடர் அங்கீகாரமா, அல்லது எச்சரிக்கைக் காலத்தில் வைத்திருக்கிறார்களா? அங்கீகாரம் இல்லாத இடத்தில் படித்தவர் பான்ஸ் என்ற தேசியத் தேர்வையே எழுத முடியாது. அந்தத் தேர்வில் தேறாமல் எந்த மாநிலத்திலும் உரிமம் இல்லை. அந்தத் தேர்வில் தங்கள் மாணவர்கள் எத்தனை பேர் தேறினார்கள், எத்தனை பேர் பாதியில் விலகினார்கள் என்பதை ஒவ்வொரு கல்லூரியும் வெளியிட்டே ஆக வேண்டும். அந்த அட்டவணையைத் தேடிப் படியுங்கள். வளாகத்தின் அழகைவிட அது அதிகம் சொல்லும். அடுத்து, இளநிலைப் பகுதியிலிருந்து முதுநிலைப் பகுதிக்குப் போக எவ்வளவு ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) வேண்டும்? அதை எட்டாவிட்டால் பிள்ளை கையில் என்ன பட்டம் இருக்கும்? இந்தக் கடைசிக் கேள்வியைக் கல்லூரியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வேலை விசாவில் வந்தவர்களின் குடும்பத்தாருக்கான எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இதைக் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். எச்-4 பிள்ளைகள் சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது. ஆகவே ஆம்புலன்ஸ் வேலையிலோ மருத்துவமனை உதவியாளராகவோ சேர்ந்து அந்த ஆயிரம் மணி நேரத்தைச் சேர்க்கும் வழி அவர்களுக்கு அடைபட்டிருக்கிறது. தன்னார்வப் பணிதான் மிச்சம். நேரடியாகச் சேரும் ஐந்தாண்டுப் படிப்பு இந்தச் சிக்கலைப் பெருமளவு தவிர்க்கிறது. ஆனால் இன்னொரு சிக்கலில் கொண்டுபோய் விடுகிறது. பதினெட்டில் சேரும் பிள்ளைக்கு நடுப்படிப்பில், மருத்துவமனைப் பயிற்சி நெருங்கும் நேரத்தில், 21 வயது நிரம்பும்; அத்தோடு எச்-4 போய்விடும். கிரீன் கார்டு வரிசை நகராமல் கிடந்தால் அதற்குள் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறியாக வேண்டும். குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்களைச் சில கல்லூரிகள் சேர்ப்பதே இல்லை. விண்ணப்பிக்கும் முன் குடியேற்ற வழக்கறிஞரையும் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தையும் கேட்டுவிடுங்கள். இதைச் சொல்ல எங்களுக்கு யாரும் இல்லை. அதனால்தான் இத்தனை விரிவாக எழுதுகிறேன்.

பணம். எச்-4, எஃப்-1 பிள்ளைகளுக்கு மத்திய அரசின் கல்விக் கடன் கிடையாது. குடியுரிமை உள்ளவர்களுக்கும் கை இறுகியிருக்கிறது. 2025 ஜூலையில் வந்த சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு கிராட் பிளஸ் என்ற, முதுநிலை மாணவர்களுக்கான மத்திய அரசுக் கடன் இல்லை. முதுநிலைக்கு ஆண்டுக்கு 20,500 டாலர், மொத்தம் ஒரு லட்சம் டாலர்தான் உச்சவரம்பு. மருத்துவம், சட்டம் போன்ற 'தொழில்முறை'ப் படிப்புகளுக்கு மட்டும் ஆண்டுக்கு 50,000, மொத்தம் இரண்டு லட்சம். 2025 நவம்பரில் கல்வித் துறையின் விதிக் குழு ஒப்புக்கொண்ட வரையறையில் பிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்பு அந்தத் தொழில்முறைப் பட்டியலில் இல்லை. இது அநியாயம் என்பதே என் எண்ணம். கிராமப்புறத்தில் மருத்துவர் இல்லாத குறையைத் தாங்கிப் பிடிப்பவர்களில் இவர்களும் உண்டு. கோபம் ஒருபுறம் இருக்கட்டும். கணக்கைப் பதினோராம் வகுப்பிலேயே போட்டுவிடுங்கள்.

எல்லாப் பிள்ளைக்கும் இது பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. இதய அறுவையைத் தானே தலைமை ஏற்றுச் செய்ய வேண்டும் என்று கனவு காணும் பிள்ளைக்கு இது வழி இல்லை. அந்தப் பிள்ளை நீண்ட பாதையில்தான் போக வேண்டும். பிசிஷியன் அசிஸ்டென்ட் படித்த ஆண்டுகளை மருத்துவப் பள்ளியில் பெரும்பாலும் கழித்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் நோயாளியின் அருகில் சீக்கிரம் போய் நிற்க வேண்டும், ஒரு துறையில் சில ஆண்டு இருந்துவிட்டு இன்னொரு துறைக்கும் மாற முடிய வேண்டும் என்று நினைக்கும் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை.

தமிழ்ச் சங்கங்களில் கல்லூரி வழிகாட்டல் நிகழ்ச்சி நடத்துகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். மருத்துவம், கணினி இரண்டுக்கும் மேடை போடும்போது, இந்தப் படிப்பில் இருக்கும் நம் பிள்ளைகள் ஒருவரையாவது அழைத்துப் பேசச் சொல்லுங்கள். கேள்வி நேரத்தில் பெற்றோரைவிடப் பிள்ளைகளை முதலில் கேட்க விடுங்கள்.

அன்புடன்,
இந்தப் படிப்பில் இருக்கும் ஒரு மாணவியின் அம்மா