தூளி தொங்கும் இடம்

ஆசிரியருக்கு,

வணக்கம். கைக்குழந்தைகள் நலம் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். தடுப்பூசி, கழிப்பறை, குடிநீர் எல்லாம் இருந்தன. அடுப்புப் புகைக்கு மட்டும் ஒரே வரி. அதுவும் கேஸ் இணைப்பு வாங்கச் சொல்லி.

எங்கள் ஊரில் சிலிண்டர் இல்லாத வீடு குறைவு. அதில் டீயும் குழம்பும் வைப்போம். களி மட்டும் விறகடுப்பில்தான். காசு ஒரு காரணம், சரி. இன்னொன்று, களி கிண்டியவர்களுக்குத்தான் தெரியும்: துடுப்பை அழுத்திச் சுற்றினால் கேஸ் அடுப்பு பானையோடு நகரும். மண்ணடுப்பு அசையாது.

குழந்தை கண்ணெதிரே இருக்கட்டும் என்று அதே அறையில், நாலடி தள்ளித் தூளி கட்டுவோம். என் பேரனுக்கும் அப்படித்தான் கட்டினோம். ஐந்தாம் மாதம் சளி பிடித்தது. சளிதானே என்று இரண்டு நாள் கைவைத்தியத்தில் ஓட்டினேன். மூன்றாம் நாள் மூச்சு விடும்போதெல்லாம் விலா உள்ளே இழுத்தது. வீட்டுக்கு வந்த செவிலியர் சட்டையைத் தூக்கி, செல்போனில் நேரம் பார்த்து ஒரு நிமிடம் மூச்சை எண்ணினார். 64. இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 வந்தாலே நிமோனியாவோ என்று பார்க்க வேண்டுமாம். அதற்கு மேல் ஐந்து வயது வரை 40. ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தான். மூன்று பிள்ளை பெற்று வளர்த்தவள் நான். மூச்சை எண்ணலாம் என்பதே அன்றுதான் தெரியும்.

வீட்டுப் புகையால் குழந்தைகளுக்கு நிமோனியா வரும் ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2021 முதல் அரசு இலவசமாகப் போடும் நிமோகாக்கல் தடுப்பூசி பேரனுக்கும் இரண்டு தவணை போட்டிருந்தோம். ஆனால் நிமோனியா தரும் எல்லாக் கிருமிக்கும் அது காவல் இல்லையே.

பழைய ஓட்டு வீட்டில் ஓட்டிடுக்கு வழியாகவாவது புகை வெளியேறும். எங்கள் தெருவில் புதிதாக எழும்பிய கான்கிரீட் வீடுகளில் அதுவும் போச்சு. புகைபோக்கி வைத்த வீடு ஒன்றுகூட இல்லை. வீடு கட்ட அரசு பணம் தரும்போது வரைபடத்திலேயே அதைச் சேர்க்கட்டும். களி கிண்டத் தோதான கேஸ் அடுப்பையும் யாராவது யோசிக்கட்டும்.

எங்கள் வீட்டுத் தூளி இப்போது திண்ணையில் தொங்குகிறது. அடுத்த இதழில் அந்த 50, 40 கணக்கைக் கொட்டை எழுத்தில் கட்டம் கட்டிப் போடுங்கள். வெட்டி எங்கள் அங்கன்வாடிச் சுவரில் ஒட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்.