ஐந்துக்கு ஒன்றரை

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் தமிழ்மொழியும் இலக்கியமும் படிப்பிக்கும் ஆசிரியர்களுக்கும், தவணைப் பரீட்சைக்கு வினாத்தாள் எழுதுகிறவர்களுக்கும்,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரையைச் சேர்ந்தவன். சுனாமிக்கு அடுத்த வருசம் பிறந்தேன். 2007 மார்ச்சில் எங்கள் பக்கம் முழுக்க இடம்பெயர்ந்தபோது அம்மா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வள்ளத்தில் வாவியைக் கடந்தாராம். மண்முனைப் பாலம் அப்போது இல்லை, அது 2014ல்தான் வந்தது. அந்த வள்ளமோ, அக்கரையில் நாங்கள் இருந்த தறப்பாள் கொட்டிலோ எதுவும் எனக்கு ஞாபகமில்லை. யுத்தம் என்றதும் எனக்குத் தெளிவாக ஞாபகம் வருவது ஒரு வினாத்தாள். அதைப் பற்றித்தான் இந்த மடல்.

பத்தாம் ஆண்டு. கொரோனாவுக்குப் பூட்டிய பள்ளிக்கூடம் திறந்து கொஞ்ச நாள். தவணைப் பரீட்சையில் ஒரு சிறுகதைத் துண்டு வந்திருந்தது. மகன் காணாமல் போய்விட்டான், தாய் வாசலில் விளக்கு வைத்துக் காத்திருக்கிறாள். கீழே ஐந்து கேள்விகள். முதல் மூன்றும் சொற்பொருள், எதிர்ச்சொல், சந்தி. நாலாவது, “தாயின் மனநிலையை மூன்று வரிகளில் விளக்குக.” ஐந்தாவது, “இக்கதையை வாசித்ததும் உமது உள்ளத்தில் தோன்றிய உணர்வை எழுதுக. (5 புள்ளிகள்)”

எனக்கு அந்த ஐந்தாவது கேள்வி பிடித்திருந்தது. உண்மையாகவே. உன் உள்ளத்தில் என்ன என்று அதுவரை பள்ளிக்கூடத்தில் யாரும் என்னைக் கேட்டதில்லை. அரை மணித்தியாலம் மிச்சம் கிடந்தது, எழுதினேன்.

அம்மம்மாவைப் பற்றி எழுதினேன். 1990 ஆவணியில் தயிர்ச் சட்டிகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு பட்டணத்துக்குப் போன பெரிய மாமா திரும்பி வரவில்லை. வயது 19. அம்மம்மாவிடம் ஒரு பொலித்தீன் பை இருக்கிறது. அதற்குள் மாமாவின் பிறப்புப் பத்திரம், அடையாள அட்டையின் போட்டோக் கொப்பி, கிராம சேவகரின் கடிதம், பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு, ஒரு சின்னப் படம். ஆணைக்குழு, விசாரணை, பதிவு என்று யார் வந்தாலும் அந்தப் பையோடு போய் வரிசையில் நிற்பார். எழுதுகிறவர் கேட்பார், “கடைசியாகக் கண்டபோது என்ன உடுத்திருந்தார்?” அம்மம்மா ஒருமுறை நீலச் சாரம் என்றார். இன்னொருமுறை பச்சைக் கோடு போட்ட சாரம். பிறகொருமுறை களிசான். போன தடவை வேறு சொன்னீர்களே அம்மா என்று எழுதினவர் முகத்தைச் சுளித்தாராம். உண்மையில் எது என்று நானும் கேட்டேன்.

“ஆருக்கு மனே தெரியும்? நான் அடுப்படிக்குள்ள நிண்டன். போயிற்று வாறன் எண்ட சத்தம்தான் கேட்டது.”

அவர் பார்க்கவே இல்லை. ஆனால் படிவத்தில் உடுப்புக்கு ஒரு கட்டம் இருந்தது. எதிரே இருந்தவர் பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். கட்டம் வெறுமையாகக் கிடந்தால் மகனைத் தேடமாட்டார்களோ என்ற பயத்தில், அம்மம்மா ஒவ்வொரு முறையும் அவருக்கு ஒரு சாரம் உடுத்தி அனுப்பியிருக்கிறார்.

இதைத்தான் எழுதினேன். ஒன்றரைப் பக்கம். விடைத்தாள் திரும்பி வந்தபோது ஓரத்தில் சிவப்பு மையில், “கதையை ஒட்டி எழுதவும். குடும்ப விடயம் தேவையில்லை.” ஐந்துக்கு ஒன்றரை. அந்த ஒன்றரை எதற்கு என்று இன்றுவரை விளங்கவில்லை. எழுத்துப்பிழை இல்லாததற்காக இருக்கலாம்.

ஐந்துக்கு ஐந்து எடுத்தவர்களின் தாளை வாங்கி வாசித்தேன். ரியூசன் நோட்ஸில் இருந்தது அப்படியே வந்திருந்தது. “இக்கதையை வாசித்ததும் என் நெஞ்சம் கனத்தது. கண்கள் குளமாயின. போரின் கொடூரத்தை எண்ணி உள்ளம் வெந்தது. இனியொரு யுத்தம் வேண்டாம் என உறுதி பூண்டேன்.” எந்தக் கதைக்கும் இது பொருந்தும். சுனாமிக் கதை என்றால் போர் என்ற இடத்தில் கடல் என்று போட்டால் சரி. வகுப்பில் 32 பேர். இருபது பேருக்கு மேல் அன்று கண் குளமாகியிருந்தது. மட்டக்களப்பில் வாவி போதாதென்று உன்னிச்சை, நவகிரி என்று நிசமான குளங்களும் இருக்கின்றன. இத்தனையும் சேர்ந்திருந்தால் அந்த வருசம் எங்கள் வயலுக்குத் தண்ணீர்ப் பிரச்சினையே வந்திருக்கக் கூடாது.

அந்தப் பிள்ளைகளை நான் குறை சொல்லவில்லை. எனக்கு முன்னால் இருந்தவனின் தகப்பனுக்கு ஒரு கால் இல்லை. அவனுக்கும் கண் குளமானது, முழுப் புள்ளியும் கிடைத்தது, தகப்பனைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லை. அம்மம்மா சாரம் சொன்ன மாதிரி அவன் குளம் சொன்னான். கட்டம் என்று ஒன்று இருந்தால் நிரப்பத்தானே வேண்டும்?

நீங்கள்தான் எங்களுக்குக் கையறுநிலை என்ற துறையைப் படிப்பித்தீர்கள். வேண்டியவர் செத்துப்போக, இருப்பவர் செயலற்றுப் புலம்புவது. உதாரணத்துக்குப் பாரி மகளிர் பாடிய புறநானூற்றுப் பாட்டு. அது ஐந்தே வரி, பாருங்கள். அதில் அழுதோம் என்று ஒரு சொல் கிடையாது. போன மாதத்து நிலா, இந்த மாதத்து நிலா, ஒரு குன்று, தகப்பன் இல்லை. அவ்வளவுதான். நெஞ்சம் கனக்கவில்லை, உறுதி பூணவில்லை. அந்தப் பிள்ளைகள் இரண்டு பேரும் எங்கள் தவணைப் பரீட்சைக்கு வந்திருந்தால் அவர்களுக்கும் ஒன்றரைதான்.

உயர்தரத்துக்குப் பட்டணத்தில் படித்தேன். கடலில் ஆட்களைப் பறிகொடுத்த ஒரு குடும்பத்தின் கதையை வகுப்பில் வாசித்துவிட்டு, மனதில் பட்டதை ஒரு பக்கம் எழுதி வரச் சொன்னார்கள். திராய்மடுவிலிருந்து வந்த ஒருத்தி திகதி மட்டும் போட்ட பக்கத்தைக் கொடுத்தாள். அவளுடைய ஆட்கள் சுனாமிக்கு முன்பு கடற்கரையோரம் நாவலடியில் இருந்தவர்கள். அண்ணனைக் கடல் கொண்டுபோன பிறகு பிறந்தவள் அவள். அவன் பெயரையே பெண்பெயராக்கி அவளுக்கு வைத்திருக்கிறார்கள். வீட்டில் அவளைக் கூப்பிட்டால் அரைவாசி அவனைக் கூப்பிட்ட மாதிரித்தான். “மனசைத் திறந்து எழுது மகள்” என்றார் ஆசிரியர், அன்பாகத்தான் சொன்னார். வெளியே வந்ததும் அவள் என்னிடம் சொன்னாள், “கதையில தாய் மார்பில அடிச்சு அழுறா. எங்கட அம்மா அழுறல்ல. டிசம்பர் 26 எண்டா விடியக்காலையில எழும்பி வீடு முழுக்கக் கழுவுவா. இதை என்னெண்டு எழுதுற?”

எழுதவில்லை. புள்ளி பூச்சியம்.

துயரக் கதை கேட்பது எங்கள் ஊர்களுக்குப் புதிதில்லை, சேர். வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில் கதவு திறந்தால், செட்டிபாளையமோ காரைதீவோ தம்பிலுவிலோ, நாட்கணக்கில் கண்ணகி வழக்குரை படிப்பார்கள். அம்மம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன். கோவலன் வெட்டுப்படும் இடம் வரும்போது யாரும் யாருடைய முகத்தையும் பார்ப்பதில்லை. ஒருவர் வெற்றிலை மடிப்பார், ஒருத்தி முந்தானையால் மூக்கைத் துடைப்பாள், மூலையில் ஒரு கிழவர் நித்திரை. கண்ணகியின் மனநிலை என்ன என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. மதுரை எரியும். ஆனால் எரிந்த கையோடு சனத்தை வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள். கடைசியில் குளிர்த்தி இருக்கிறது. அம்மனின் சூடு தணியக் குளிர்த்திப் பாட்டுப் பாடி, வேப்பிலையால் தண்ணீர் தெளிப்பார்கள். அது எங்கள் தலையிலும் விழும். அப்புறம்தான் எல்லோரும் வீட்டுக்குப் போவோம்.

வகுப்பில் மதுரை எரிந்து முடிய மணி அடிக்கிறது. அடுத்த பாடம் கணிதம், மடக்கை.

இப்போது நான் வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் முதலாம் வருசம். 1990ல் இந்த வளாகம் அகதி முகாமாக இருந்தது. அந்த வருசம் செப்டெம்பர் 5ஆம் திகதி ராணுவம் இங்கிருந்து 158 பேரைக் கொண்டுபோனது. ஒருவரும் திரும்பவில்லை. மரத்தடியில் இருந்து சோற்றுப் பார்சலை அவிழ்க்கும்போது சில நாள் அந்த எண் ஞாபகம் வரும். பல நாள் வராது, கறியில் உப்புக் கூடினதைப் பற்றித்தான் பேசுவோம். இதையும் உள்ளத்தில் தோன்றிய உணர்வு என்று எழுதலாமா தெரியாது.

முஸ்லிம் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் இருந்ததும் இங்கே வந்த பிறகுதான். ஆரையம்பதியும் காத்தான்குடியும் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன, கல்முனையில் ஒரு வீதி தாண்டினால் ஊர் மாறும். பாடப்புத்தகம் ஒன்று, சாதாரண தர (ஓ.எல்.) வினாத்தாளும் ஒன்று, பள்ளிக்கூடம் மட்டும் தமிழ்ப் பாடசாலை, முஸ்லிம் பாடசாலை. நாங்கள் எழுதியதை அவர்களோ அவர்கள் எழுதியதை நாங்களோ வாசித்தது கிடையாது. இரண்டு பக்கத்து விடைத்தாள் கட்டுகளையும் பிரித்துப் பார்ப்பவர் புள்ளி போடுகிறவர் மட்டும்தான்.

என்னோடு படிக்கும் காத்தான்குடிப் பிள்ளையிடம் என் ஒன்றரைப் புள்ளிக் கதையைச் சொன்னேன். அவளுக்கும் அதே மாதிரி ஒரு கேள்வி வந்ததாம். அவளுடைய சாச்சா, வாப்பாவின் தம்பி, 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி இரவு இஷாத் தொழுகைக்குப் போனவர். பன்னிரண்டு வயது. அன்று காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களுக்குள் புகுந்து புலிகள் சுட்டார்கள். நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். மீரா ஜும்ஆப் பள்ளிச் சுவரில் வெடி பட்ட துளைகளை இன்னும் அப்படியே வைத்திருக்கிறார்கள். “நான் சாச்சாவை எழுதல்ல” என்றாள். “திருத்துற சேர் எந்த ஊரோ, ஆருக்குத் தெரியும்?”

அதைக் கேட்டதும் எனக்குள் என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் வந்தது இரக்கம் இல்லை. எங்களுக்கும் நடந்ததே என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். அதே வருசம் செப்டெம்பர் 9ஆம் திகதி சத்துருக்கொண்டானில் ராணுவம் பச்சைக் குழந்தைகளையும் விடவில்லையே, பனிச்சையடி, பிள்ளையாரடி, கொக்குவில் ஆட்களும் அதில் போனார்களே என்று, 304 சீட்டு விளையாட்டில் துரும்பு இறக்குவதுபோல எடுத்து வைக்கப் பார்த்தேன். அவள் இன்னும் சாச்சாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். பட்டம் கட்டுவாராம், வால் வைக்கத் தெரியாதாம், எல்லாப் பட்டமும் குத்திக்கொண்டு விழுமாம். வாயை மூடிக்கொண்டேன். சத்துருக்கொண்டானை அவளுக்கு வேறொரு நாள் சொன்னேன். அவள் அதற்குப் பதில் எதுவும் இறக்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்தாள். இதைப் பள்ளிக்கூடத்தில் ஒரு நாளாவது பழகியிருந்தால் முதல் நாளே ஒழுங்காகக் கேட்டிருப்பேன் என்று நினைக்கிறேன்.

உங்களில் பலர் 1990ல் எங்கள் வயதில் இருந்திருப்பீர்கள். எனக்கு ஒன்றரை போட்டவரும் அப்படித்தான். அப்போது அந்தச் சிவப்பு வரி மேல் எனக்கு ஆத்திரம்தான். இப்போது, அது பயமாகவும் இருந்திருக்கலாம் என்று படுகிறது. ஒரு கொப்பியில் கிடப்பது யார் கையில் போய்ச் சேரும் என்று யோசித்து யோசித்து வளர்ந்த ஆட்கள் நீங்கள். பிள்ளை இதையெல்லாம் எழுத்தில் வைக்கிறானே என்று பதறிப்போய்க்கூட எழுதியிருப்பார். அவர் வீட்டுக் கதையை ஐந்து புள்ளிக்கு யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள்.

அந்தக் கேள்வியை எடுத்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அடைப்புக்குள் கிடக்கும் ஐந்து புள்ளியை எடுங்கள். அதைச் சந்திக்கோ எதிர்ச்சொல்லுக்கோ கொடுங்கள், அங்கே சரி பிழை உண்டு. புள்ளி இல்லாவிட்டால் பிள்ளைகள் எழுதமாட்டார்கள் என்பீர்கள். பாதிப்பேர் எழுதமாட்டார்கள்தான், திகதி போட்ட வெறும் பக்கத்தை வாங்கி வையுங்கள். மற்றவர்கள் எழுதுவதை வாசியுங்கள், சிவப்புப் பேனையை மேசையில் வைத்துவிட்டு. பிள்ளைகள் சம்மதித்தால், பெயரை மறைத்து, ஆரையம்பதியில் எழுதியதைக் காத்தான்குடி வகுப்பிலும் அங்கே எழுதியதை இங்கேயும் வாசிக்கக் கொடுங்கள். பஸ்ஸில் பத்து நிமிசம்கூட இல்லை. கதை வாசிக்கும் பாடத்தை அன்றைக்குக் கடைசிப் பாடமாக வைக்க முடியுமா என்று அதிபரிடம் கேட்டுப் பாருங்கள். மடக்கைக்கு முன்னால் மட்டும் வேண்டாம்.

அந்த விடைத்தாளை அன்றே அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சாரம் நிறம் மாறும் இடத்தில் சிரித்தார். எத்தனை புள்ளி என்று கேட்டார். சொன்னேன். ஒள்ளுப்பம் யோசித்துவிட்டு, “எனக்கு அதுவும் போடல்ல மனே” என்றார். மறுகா தாளை வாங்கி நாலாக மடித்து அந்தப் பொலித்தீன் பைக்குள், கிராம சேவகரின் கடிதத்துக்குப் பின்னால் வைத்தார். போன வருசம் ஒரு பதிவுக்குப் போனபோது, மற்றக் கடதாசிகளோடு அதையும் போட்டோக் கொப்பி எடுத்துக் கொடுத்திருக்கிறார். வாங்கினவர் எண்ணிப் பார்த்து, ஆறு ஆவணங்கள் பெற்றுக்கொண்டதாகத் துண்டு எழுதிக் கொடுத்தார்.

இப்படிக்கு,
படுவான்கரை மாணவன் ஒருவன்