பத்துக்கு ஒன்பது என்னும் புதிர்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2020 பிப்ரவரியில் ஹூஸ்டனில் ஜான் ஜோன்ஸும் டொமினிக் ரெயெஸும் மோதிய யுஎஃப்சி (கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டிகளை நடத்தும் நிறுவனம்) பட்டப் போட்டியின் பதிவை அண்மையில் மீண்டும் பார்த்தேன். முதல் மூன்று சுற்றுகள் ரெயெஸுக்கு, கடைசி இரண்டும் ஜோன்ஸுக்கு என்பது என் கணிப்பு. ஆனால் மூன்று நடுவர்களும் ஜோன்ஸுக்கே வெற்றியை அளித்தனர்; அவர்களில் ஒருவர் 49–46 என்று, அதாவது ரெயெஸுக்கு ஒரே ஒரு சுற்றை மட்டும் வழங்கியிருந்தார்.

சுற்றை வென்றவருக்குப் பத்துப் புள்ளி, தோற்றவருக்கு ஒன்பது அல்லது அதற்கும் குறைவு என்று குத்துச்சண்டையிலிருந்து இரவல் பெற்ற இம்முறையில், நூலிழையில் வென்ற சுற்றும் தெளிவாக வென்ற சுற்றும் பெரும்பாலும் ஒரே 10–9 ஆகிவிடுகின்றன. விதிப்படி, அடியும் பிடியும் எதிராளிக்கு விளைவித்த பாதிப்பையே முதலில் எடைபோட வேண்டும். அது சமமானால்தான் தாக்கும் முனைப்பையும், அதுவும் சமமானால்தான் களத்தின் மீதான கட்டுப்பாட்டையும் பார்க்கலாம். ஜோன்ஸ் ஓயாமல் முன்னோக்கி நடந்துகொண்டிருந்தது நடுவர்களின் கண்ணை மயக்கியதோ என்னவோ!

அதே ஆண்டில் அமெரிக்காவின் கன்சாஸில், பெண்களுக்கான இத்தகைய போட்டிகளை நடத்தும் இன்விக்டா நிறுவனம், ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் புள்ளிகளை வெளிப்படையாக அறிவிக்கும் முறையைச் சோதித்தது. முன்னிலையில் இருப்பவர் ஒதுங்கி ஆடுவார் என்ற அச்சம் நியாயமானதே. ஆயினும், தான் பின்தங்குவதை அறியாமலே ஒருவர் தோற்பதைவிட அது மேல் என்பதால், போட்டிகளை ஒழுங்குபடுத்தும் பிற மாநில ஆணையங்களும் அதை ஏற்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்