அரை இஞ்சு மேடு

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. முழங்கால் வலி தேவலையா? பதில் தாமதமானதற்குக் காரணம் எங்கள் வாசல் மரம். சிரிக்காதே.

நியூயார்க் நகரத்து ஃப்ளஷிங்கில் பிள்ளையார் கோவிலுக்கு நாலு தெரு தள்ளித்தான் எங்கள் வீடு. மாடியில் நாங்கள், கீழே வாடகைக்கு ஒரு குடும்பம். வாசல் மரத்தின் வேர் நடைபாதையில் ஒரு சிமெண்ட் பாளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கிவிட்டது. போன மாதம் கோவிலுக்குப் போன ஒரு அம்மாள் அதில் இடறி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. அவர் வலியை நினைத்துப் பாதி, வழக்கை நினைத்துப் பாதி. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது?

நியூயார்க்கில் வாசல் நடைபாதையைப் பழுது பார்க்க வேண்டியது வீட்டுக்காரன். பாளத்துக்குப் பாளம் அரை இஞ்சு ஏற்ற இறக்கம் இருந்தாலே நகரத்தின் கணக்கில் அது பழுதுதான். ஆனாலும் முன்பெல்லாம் விழுந்தவர்கள் நகர நிர்வாகத்தின் மேல்தான் வழக்குப் போடுவார்கள். பழுதை எழுத்தில் முன்கூட்டியே தெரிவித்திருந்தால்தான் வழக்கு நிற்கும் என்று 1979-இல் ஒரு சட்டம் வந்தது. வக்கீல்கள் விடுவார்களா? அவர்களுடைய சங்கம் 1982-இல் ஒரு நிறுவனமே ஆரம்பித்து, தெருத்தெருவாக ஆள் அனுப்பி, எங்கெங்கே மேடு, எங்கெங்கே வெடிப்பு என்று வரைபடத்தில் குறித்து நகரத்திடமே கொடுத்துவிட்டது. இந்த மூளை நமக்கெல்லாம் வராது.

அப்புறம் 2003 செப்டம்பர் 14 முதல் நஷ்டஈட்டுப் பொறுப்பு கட்டடத்துக்காரர் தலைக்கு மாறியது. என் நல்ல காலம், அதில் ஒரு விலக்கு இருக்கிறது. மூன்று குடும்பத்துக்கு மேற்படாத வீடு, குடியிருக்க மட்டுமே பயன்படுகிறது, உரிமையாளரும் அங்கேயே வசிக்கிறார் என்றால் பொறுப்பு பழையபடி நகரத்துக்குத்தான். நானே ஒரு மூட்டை சிமெண்ட் வாங்கிப் பூசிவிடலாம் என்று கிளம்பினேன். தெரிந்த வக்கீல் தடுத்துவிட்டார். அரைகுறையாகப் பூசி அதனால் ஒருவர் விழுந்தால் விலக்கு என்னைக் காப்பாற்றாதாம். மர வேரால் வந்த பழுதைச் சின்ன வீடுகளுக்குப் பூங்காத் துறையே சரிசெய்து தரும் திட்டம் இருக்கிறது. எழுதிப் போட்டிருக்கிறேன். அதுவரை பாளத்தின் விளிம்பில் ஆரஞ்சு வண்ணம் அடித்து வைத்திருக்கிறேன்.

வம்பு இனிமேல்தான். மாடியையும் வாடகைக்கு விட்டுவிட்டு நியூ ஜெர்சியில் பையனோடு போய் இருக்கலாம் என்று வீட்டில் ஒரு வருஷமாகப் பேச்சு. போனால் விலக்கும் கூடவே போய்விடும். மரமும் பாளமும் அப்படியேதான் இருக்கும். நான் மாடியில் படுத்துத் தூங்குகிறேனா என்பதுதான் சட்டத்துக்குக் கேள்வி. இதைச் சொன்னால் என் மனைவி, "அப்போ சிமெண்டுக்குக் காவல் காக்கவா நாம இங்கே இருக்கணும்?" என்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

நேற்று ரசமும் பழமும் எடுத்துக்கொண்டு அந்த அம்மாளைப் பார்க்கப் போனேன். அவர் வழக்கைப் பற்றி வாயே திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கிளம்பும்போது, "கார்த்திகைக்குள்ள அந்தக் கல்லைச் சரிபண்ணிடுங்க, கோவிலுக்கு வரணும்" என்றார். சரி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

அன்புடன்,
சுந்தரம்